எல்-பி வெளியின் உறுப்பு எது? ஐந்து வரையறைகளும் ஒரு தேர்வும்

முதுகலைக் கணித வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியில் எல்-2 வெளியை எடுத்துக்கொள்ளுங்கள்; அரை என்ற புள்ளியில் மதிப்பு பூச்சியமாக உள்ள சார்புகளெல்லாம் சேர்ந்து அதில் ஒரு மூடிய உள்வெளி (தன் உறுப்புகளின் எல்லைகளையும் தனக்குள்ளேயே கொண்ட உள்வெளி) ஆகுமா? பெரும்பாலோர் 'ஆகும்' என்று எழுதி, எல்லை எடுத்து நிறுவியும் காட்டியிருந்தார்கள். சிலர் 'ஆகாது' என்றார்கள். ஒரு மாணவி மட்டும், இந்த வெளியில் அரையில் மதிப்பு என்று ஒன்று கிடையாது, ஆகவே கேள்விக்கே பொருள் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அவர் சொன்னதே சரி. மற்றவர்கள் தவறியதற்குக் காரணம் முந்தைய வாரம் நான் கரும்பலகையில் எழுதிய வரையறை.

அந்த வரையறை பல குறிப்பேடுகளில் இருப்பதுதான். மட்டு மதிப்பின் பி-ஆம் அடுக்குக்கு முடிவுறு தொகையீடு உள்ள அளவிடத்தக்க சார்புகளின் கணம் எல்-பி வெளி. ஏறத்தாழ எங்கும், அதாவது ஒற்றைப் புள்ளி போன்ற பூச்சிய அளவை (பூச்சிய நீளம்) கொண்ட கணம் நீங்கலாக எங்கும், சமமாக உள்ள இரு சார்புகளை ஒன்றாகக் கருதுவோம். முதல் வாக்கியம் உறுப்பைச் சார்பு என்கிறது. இரண்டாவது வாக்கியம் அதை மறுக்கிறது. ஆனால் 'கருதுவோம்' என்ற மென்மையான சொல்லுக்குள் மறுப்பை ஒளித்துவைக்கிறது. மாணவர் முதல் வாக்கியத்தை நம்புகிறார், இரண்டாவதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது அதே பாடத்துக்குத் தமிழில் முழுக் குறிப்புகள் எழுதுகிறேன். வரையறையை எப்படி வைப்பது என்று இந்த முறை அவசரப்படாமல் யோசித்தேன். ஐந்து வழிகள் உள்ளன. ஐந்தும் கணிதத்தில் பிழையற்றவை. எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் வேறுபாடு. ஒவ்வொன்றையும் அந்த அரைப் புள்ளிக் கேள்வியால் உரசிப் பார்க்கிறேன்.

சிக்கலின் வேர் ஒன்றே. 1902இல் லெபேக் தம் ஆய்வேட்டில் முன்வைத்த தொகையீடு, பூச்சிய அளவை கொண்ட கணத்தின் மேல் சார்பு என்ன செய்தாலும் பொருட்படுத்தாது. அதன் வலிமை அதுதான். எல்லையையும் தொகையீட்டையும் தாராளமாக இடம் மாற்ற முடிவது அதனால்தான். ஆனால் உறுப்பின் பருமனைச் சொல்லும் நார்ம் என்ற எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு: நார்ம் பூச்சியமானால் உறுப்பும் பூச்சியமாக இருக்க வேண்டும். அரையில் மட்டும் 7 என்ற மதிப்பும் மற்ற எங்கும் 0 என்ற மதிப்பும் கொண்ட சார்புக்குத் தொகையீட்டால் வரும் நார்ம் பூச்சியம். ஆனால் அது பூச்சியச் சார்பு அல்ல. நிபந்தனையைக் கைவிடுவதா, உறுப்பை மாற்றுவதா என்பதே நம் முன்னுள்ள தேர்வு.

சார்பையே உறுப்பாக வைத்தல்

முதல் வழி நிபந்தனையைக் கைவிடுகிறது. உறுப்பு சார்புதான், மாற்றமில்லை. நார்முக்குப் பதில், அந்த நிபந்தனை மட்டும் இல்லாத 'அரை நார்ம்' கிடைக்கிறது. பல நூல்கள் இந்த வெளியைச் சுழித்த எழுத்தால் அச்சிடுகின்றன. நான் இதைச் 'சுழி எல்-பி' என்று அழைக்கப்போகிறேன்.

இந்த வழிக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் கருத்து. ரீஸும் ஃபிஷரும் 1907இல் தனித்தனியாக நிறுவிய முழுமைத் தேற்றம் இங்கேயும் அப்படியே நிற்கிறது: உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் ஒவ்வொரு தொடர்வரிசைக்கும் (கோஷி தொடர்வரிசைக்கும்) எல்லை உண்டு. உண்மையில் பாடநூல்களில் வரும் நிறுவலே இந்த வெளியில்தான் நடக்கிறது. வேகமாக நெருங்கும் ஓர் உள்தொடர்வரிசையைப் பொறுக்கி, அது ஏறத்தாழ எங்கும் புள்ளிவாரியாக ஒருங்குவதைக் காட்டி, ஒருங்காத புள்ளிகளில் 0 என வைத்து, கிடைத்த சார்பே எல்லை என்கிறோம். புள்ளியையும் மதிப்பையும் பேசாமல் அந்த நிறுவலை எழுதவே முடியாது. குறை ஒன்றுதான்: எல்லை ஒன்று அல்ல, பல. எந்த எல்லையையும் ஒரு பூச்சிய அளவைக் கணத்தில் திருத்தினால் அதுவும் எல்லையே.

அரைப் புள்ளிக் கேள்விக்கு இங்கே பொருள் உண்டு, விடையும் உண்டு. அரையில் பூச்சியமாகும் சார்புகள் ஓர் உள்வெளி ஆகும். ஆனால் அது மூடியதல்ல. எந்தச் சார்பை எடுத்தாலும் அரையில் மட்டும் மதிப்பைப் பூச்சியமாக மாற்றிவிடலாம், தூரம் பூச்சியம். ஆகவே அந்த உள்வெளியின் மூடல் முழு வெளியும்தான். 'ஆகாது' என்று எழுதிய அந்தச் சிலர், தாம் அறியாமலே இந்த வெளியில் நின்று விடை எழுதியிருக்கிறார்கள்.

இந்த வழியைத் தேர்ந்தால் இரண்டு நுணுக்கங்களை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முடிவிலி என்ற மதிப்பை அனுமதிப்பதா? அனுமதித்தால் ஒரு சார்பு முடிவிலியாகவும் மற்றொன்று எதிர்ம முடிவிலியாகவும் உள்ள புள்ளியில் கூட்டலே இல்லை. ஏறத்தாழ எங்கும் மட்டும் வரையறுக்கப்பட்ட சார்புகளை அனுமதிப்பதா? அனுமதித்தால் இன்னும் நுட்பமான ஓட்டை விழுகிறது. ஒரு சார்போடு அதன் எதிர்ம சார்பைக் கூட்டினால் கிடைப்பது, அந்தச் சார்பு வரையறுக்கப்பட்ட இடத்தில் மட்டும் பூச்சியமான ஒன்று. அது எங்கும் வரையறுக்கப்பட்ட பூச்சியச் சார்பு அல்ல. எதிர்மறை உறுப்பு இல்லாததால் அது வெக்டர் வெளியே அல்ல! எனவே எங்கும் வரையறுக்கப்பட்ட, எங்கும் முடிவுறு மதிப்புள்ள சார்புகள் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வழியில் அதற்கு மேல் செல்லும்போதுதான் பாரம் கூடுகிறது. பனாக் வெளிகளை, அதாவது நார்ம் உடைய முழுமையான வெளிகளை, பற்றிய தேற்றம் எதையும் நேரே எடுத்தாள முடியாது. உட்பெருக்கத்தால் நார்ம் பெறும் பனாக் வெளியான ஹில்பர்ட் வெளியில் மூடிய உள்வெளிக்கு இறக்கும் செங்குத்து ஒன்றே ஒன்று என்போம். இங்கே அது ஒன்று அல்ல. ஒவ்வொரு வரியிலும் 'பூச்சிய அளவைக் கணம் நீங்கலாக' என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

வகுப்பை உறுப்பாக்குதல்

இரண்டாம் வழி உறுப்பையே மாற்றுகிறது. ஏறத்தாழ எங்கும் சமம் என்பது ஒரு சமானத் தொடர்பு. அதன் சமான வகுப்புகளே புதிய உறுப்புகள். சுழி எல்-பியை அரை நார்ம் பூச்சியமாகும் சார்புகளின் உள்வெளியால் வகுத்த ஈவு வெளி இது. அச்சில் நேரான எழுத்து. 'நேர் எல்-பி' என்று வைத்துக்கொள்வோம். இங்கே நார்ம் உண்மையான நார்ம். பி ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் இது பனாக் வெளி, பி இரண்டானால் ஹில்பர்ட் வெளி. 1910இல் ரீஸ் இந்த எல்-பி குடும்பத்தை ஆராய்ந்த பிறகு சார்புப் பகுப்பாய்வு எழுந்த அடித்தளங்களில் இது முதன்மையானது.

விலை என்ன? வகுப்பின் மேல் எதைச் செய்தாலும், பிரதிநிதியை மாற்றினாலும் விடை மாறாது என்று ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். பல செயல்கள் இந்தச் சோதனையில் தேறுகின்றன: கூட்டல், எண்ணால் பெருக்கல், தொகையீடு, ஏறத்தாழ எங்கும் பெரிது சிறிது என்ற ஒப்பீடு, எண்ணத்தக்க அளவிலான வகுப்புகளின் மேல்வரம்பு, சார்பின் மதிப்பின் மேல் இன்னொரு நல்ல சார்பைச் செலுத்துதல். இவற்றைப் பற்றிக் கவலையில்லை.

தேறாதவைதாம் மாணவரைக் கவிழ்ப்பவை. அவற்றில் நான்கை நான் வகுப்பில் நின்று நிதானமாகச் சொல்வேன்.

முதலாவது, புள்ளியில் மதிப்பு. அரைப் புள்ளிக் கேள்வி இங்கே பொருளிழக்கிறது. அதைக் காப்பாற்ற நினைத்து 'அரையில் பூச்சியமாகும் பிரதிநிதி உள்ள வகுப்புகள்' என்று திருத்தினால், ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படி ஒரு பிரதிநிதி உண்டு. கிடைப்பது முழு வெளி, அது மூடியதுதான். ஒரே கேள்வி, சுழி எல்-2இல் 'ஆகாது', நேர் எல்-2இல் இப்படிப் படித்தால் 'ஆகும்'. அறுதி மேல்வரம்பு நார்மோடு (மட்டு மதிப்பின் உச்சத்தையே பருமனாகக் கொள்ளும் நார்மோடு) கூடிய தொடர்ச்சியான சார்புகளின் வெளியில் கேட்டாலும் 'ஆகும்'. ஆனால் அதன் காரணம் முற்றிலும் வேறு. 'ஆகும்' என்று நிறுவிக்காட்டியவர்கள் அந்த மூன்றாவது வெளியின் நிறுவலைத்தான் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது, தொடர்ச்சி. 'ஏறத்தாழ எங்கும் தொடர்ச்சியானது' என்பதும் 'தொடர்ச்சியான ஒரு சார்புக்கு ஏறத்தாழ எங்கும் சமமானது' என்பதும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன. முதலாவது, வகுப்பின் பண்பே அல்ல. விகிதமுறு எண்களில் 1, விகிதமுறா எண்களில் 0 என்று டிரிக்லே 1829இல் காட்டிய சார்பு எந்தப் புள்ளியிலும் தொடர்ச்சியற்றது. ஆனால் அது பூச்சியச் சார்பின் வகுப்பிலேயே இருக்கிறது. மறுபுறம், அரை வரை 0, அதன்பின் 1 என்ற படிச் சார்பு ஒரே புள்ளியில்தான் முறிகிறது. ஆனால் அதன் வகுப்பில் தொடர்ச்சியான சார்பு ஒன்றுகூட இல்லை.

இந்த டிரிக்லே சார்பைப் பற்றி ஒரு பிழை குறிப்பேடு குறிப்பேடாகப் படியெடுக்கப்படுகிறது. ரீமான் தொகையீடு உள்ள சார்புகளின் வெளி முழுமையற்றது என்று காட்ட இதை உதாரணமாகத் தருகிறார்கள்: விகிதமுறு எண்களை வரிசைப்படுத்தி, முதல் சில எண்களில் மட்டும் 1 எனும் சார்புகளின் தொடர்வரிசை டிரிக்லே சார்பை நெருங்குகிறது, அதற்கு ரீமான் தொகையீடு இல்லை என்கிறார்கள். ஆனால் அந்தத் தொடர்வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் பூச்சிய வகுப்பு; எல்லையும் பூச்சிய வகுப்பு; பூச்சியத்துக்கு ரீமான் தொகையீடு தாராளமாக உண்டு. ஓட்டை எதுவும் இங்கே வெளிப்படவில்லை. சரியான உதாரணத்துக்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும். வரிசையில் முதல் விகிதமுறு எண்ணைச் சுற்றி நான்கில் ஒன்று நீளமுள்ள திறந்த இடைவெளி, இரண்டாவதைச் சுற்றிப் பதினாறில் ஒன்று, மூன்றாவதைச் சுற்றி அறுபத்து நான்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போங்கள். மொத்த நீளம் மூன்றில் ஒன்றைத் தாண்டாது. ஆனாலும் அவற்றின் ஒன்றிப்பு எல்லா இடைவெளிகளுக்குள்ளும் நுழைந்து நேர்ம அளவை பிடிக்கிறது. அந்த ஒன்றிப்பின் சுட்டுச் சார்பை (உள்ளே 1, வெளியே 0) எடுத்தால், அதை எந்தப் பூச்சிய அளவைக் கணத்தில் திருத்தினாலும், மிச்சமுள்ள, குறைந்தது மூன்றில் இரண்டு பங்கில் ஏறத்தாழ எங்கும் 0 என்றும், அருகிலேயே 1 என்றும் தாவிக்கொண்டிருக்கும். ரீமான் தொகையீட்டுக்குத் தேவையான தொடர்ச்சி அதற்கு எந்த வேடத்திலும் கிடைக்காது. வரையறை தெளிவாக இருந்தால் இந்தப் பிழை முளைத்திருக்காது.

மூன்றாவது, எண்ணத்தகாத மேல்வரம்பு. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும், அந்தப் புள்ளியில் மட்டும் 1 எனும் சார்பை எடுங்கள். ஒவ்வொன்றும் பூச்சிய வகுப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புள்ளிவாரியாக மேல்வரம்பு எடுத்தால் 1 எனும் மாறிலி வருகிறது. பூச்சியங்களின் மேல்வரம்பு ஒன்று! வகுப்புகளுக்கு வேறொரு மேல்வரம்பு, 'சாரமான மேல்வரம்பு', வரையறுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நான்காவது, மாறியின் இடத்தில் இன்னொரு சார்பைப் பிரதியிடுதல். பிரதியிடும் சார்பு மாறிலியாக இருந்தால் முழு இடைவெளியும் ஒரே புள்ளிக்கு இறங்கிவிடுகிறது. அங்கே வகுப்புக்கு மதிப்பில்லை. பூச்சிய அளவைக் கணங்களின் முன்பிம்பமும் பூச்சிய அளவையாக இருந்தால்தான் பிரதியீடு தேறும். ஒரு தட்டின் மேல் உள்ள சார்பை அதன் விளிம்பு வட்டத்துக்குக் கட்டுப்படுத்த முடியாமல் போவதற்கும் இதே காரணம்தான்: தட்டின் பரப்பளவையில் விளிம்புக்கு அளவை பூச்சியம்.

முழுமையாக்கி எடுத்தல்

மூன்றாம் வழியில் அளவிடத்தக்க சார்பு என்ற பேச்சே தொடக்கத்தில் வராது. இடைவெளியில் தொடர்ச்சியான சார்புகளை எடுத்து, ரீமான் தொகையீட்டாலேயே நார்மை வரையறுத்து, கோஷி தொடர்வரிசைகளின் வழியாக அந்த வெளியை முழுமையாக்குகிறோம். விகிதமுறு எண்களிலிருந்து மெய்யெண்களைக் கட்டியெழுப்பிய அதே முறை. மாணவருக்கு அது ஏற்கெனவே பழக்கம் என்பதால் இந்த வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. டேனியல் 1918இல் தொகையீட்டை முதலில் வைத்து அளவையைப் பின்னால் பெற்ற அணுகுமுறைக்கும் இதற்கும் உறவு உண்டு.

அரைப் புள்ளிச் சோதனையில் இந்த வழி மிக அழகாகத் தேறுகிறது. தொடர்ச்சியான சார்புக்கு அரையில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பைப் புதிய வெளிக்கு நீட்டிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது: அரையில் 1 என்ற உயரம் கொண்ட கூர்மையான கூடாரச் சார்புகளின் அடிப்பகுதியைக் குறுக்கிக்கொண்டே போனால் எல்-2 நார்ம் பூச்சியத்தை நெருங்குகிறது, அரையின் மதிப்போ 1 என்றே நிற்கிறது. புள்ளி மதிப்பு ஏன் தொலைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. ஈவு வெளி, மதிப்பு இல்லை என்று சொல்லும். முழுமையாக்கம் அது எப்படித் தொலைந்தது என்று காட்டும்.

ஆனால் இதையே வரையறையாக வைக்க நான் தயங்குகிறேன். முதல் காரணம், உறுப்பு இப்போது சார்பும் அல்ல, சார்புகளின் வகுப்பும் அல்ல; தொடர்வரிசைகளின் வகுப்பு. அதை ஏதோ ஒரு சார்போடு பொருத்திக் காட்ட ரீஸ்–ஃபிஷர் தேற்றத்தின் உழைப்பு முழுவதையும் எப்படியும் செய்தாக வேண்டும். பாரம் தள்ளிப்போகிறதே தவிரக் குறையவில்லை. இரண்டாவது, பி முடிவிலியாகும்போது இந்த வழி கைவிட்டுவிடுகிறது. தொடர்ச்சியான சார்புகள் அறுதி மேல்வரம்பு நார்மில் ஏற்கெனவே முழுமையானவை; முழுமையாக்கினால் படிச் சார்புகூடக் கிடைக்காது. மூன்றாவது, இடத்தியல் அமைப்பு எதுவும் இல்லாத பொதுவான அளவை வெளியில் தொடர்ச்சி என்ற சொல்லே இல்லை. எளிய சார்புகளிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குச் சிக்மா இயற்கணிதம் (அளவிடத்தக்க கணங்களின் தொகுப்பு) வேண்டும், அப்போது தொடக்கத்தில் தவிர்த்ததெல்லாம் திரும்பி வருகிறது.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தல், செயலியாகப் பார்த்தல்

நான்காம் வழி, வகுப்பு வகுப்பாகப் பேசாமல் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சிறந்த சார்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. லெபேக்கின் வகையிடல் தேற்றம் அதற்குக் கை கொடுக்கிறது: ஒரு புள்ளியைச் சுற்றிய சிறு இடைவெளிகளில் சராசரி எடுத்து, இடைவெளி சுருங்கும்போது கிடைக்கும் எல்லையை அந்தப் புள்ளியின் மதிப்பு என்று வைக்கலாம். ஏறத்தாழ எங்கும் அந்த எல்லை உண்டு; இல்லாத இடத்தில் 0. பிரதிநிதியை மாற்றினாலும் சராசரி மாறாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் ஒரு காலத்தில் இதில் மயங்கினேன்.

மயக்கம் தெளிந்தது கூட்டலில். அரையிலிருந்து உள்ள தூரம், நான்கின் ஏதேனும் ஓர் அடுக்கின் தலைகீழுக்கும் அதன் பாதிக்கும் இடையில் இருந்தால் 1, இல்லையேல் 0 என்று ஒரு சார்பை வரையுங்கள். அரையைச் சுற்றிய சராசரி மூன்றில் இரண்டுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும், எல்லை இல்லை. ஆகவே விதிப்படி அரையில் மதிப்பு 0. ஒன்றிலிருந்து அந்தச் சார்பைக் கழித்தால் கிடைப்பதற்கும் அதே காரணத்தால் அரையில் 0. இரண்டையும் கூட்டினால் 1 எனும் மாறிலி. அதன் மதிப்பு அரையில் 1. பூச்சியமும் பூச்சியமும் சேர்ந்து ஒன்று. அரையில் பூச்சியமாகும் உறுப்புகள் இங்கே உள்வெளிகூட ஆகவில்லை. மூடியதா என்ற கேள்விக்கே இடமில்லை. வரம்புள்ள சார்புகளுக்கு மட்டும், கூட்டலும் பெருக்கலும் கெடாமல் பிரதிநிதிகளைத் தேர முடியும் என்று ஃபான் நியூமன் 1931இல் காட்டினார். ஆழமான முடிவு, ஆனால் அந்தத் தேர்வைக் கையால் எழுதிக் காட்ட முடியாது, தேர்வு அடிகோளின் துணையோடுதான் அது வருகிறது. முதல் பாடத்தின் வரையறைக்கு ஏற்றதல்ல. ஒரு குறிப்பிட்ட சார்பின் நுண்ணிய நடத்தையை ஆராயும்போது லெபேக்கின் சராசரிப் பிரதிநிதி அருமையான கருவி, அங்கேயே இருக்கட்டும்.

ஐந்தாம் வழி, உறுப்பை அது பிற சார்புகளின் மேல் செய்யும் வேலையால் அறிவது: சோதனைச் சார்பால் பெருக்கித் தொகையிட்டால் வரும் எண்களே அதன் அடையாளம். எல்-2இல் புள்ளி மதிப்பு வரம்புள்ள நேரியல் செயலி (உறுப்புக்கு ஓர் எண்ணைத் தரும் விதி) அல்ல என்பதால் அரைப் புள்ளிக் கேள்வி கதவிலேயே நின்றுவிடுகிறது. பரவல்களை (சோதனைச் சார்புகளின் மேல் செயல்படும் பொதுமைப்பட்ட சார்புகளை) படிக்கப் போகிறவருக்கு இது இயல்பான பார்வை. ஆனால் இருமை வெளியை, அதாவது அத்தகைய செயலிகளின் வெளியை, அறிந்தவரே இதைப் புரிந்துகொள்வார். இருமை வெளியைச் சொல்ல எல்-பி வெளி முதலில் வேண்டும்.

யாருக்கு எது

நிகழ்தகவு படிப்பவர் சுழி எல்-பியை விட்டுப் போகக் கூடாது. 0 முதல் 1 வரை சீராகப் பரவிய ஒரு சமவாய்ப்பு நேரத்தை எடுங்கள். ஒரு நிகழ்முறை எப்போதும் 0. இன்னொன்று, அந்தச் சமவாய்ப்பு நேரத்தில் மட்டும் 1, மற்ற நேரமெல்லாம் 0. எந்த ஒரு நேரத்தைக் குறித்துக் கேட்டாலும் இரண்டும் நிகழ்தகவு 1 உடன் சமம். வகுப்புகளாகப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் முழுப் பாதையின் பெரும மதிப்பு ஒன்றில் 0, மற்றொன்றில் 1. எண்ணத்தகாத நேரங்களின் மேல் மேல்வரம்பு எடுப்பதால் வரும் விளைவு இது, நாம் முன்பு பார்த்த அதே ஓட்டை. வீனர் 1923இல் பிரௌனியன் இயக்கத்துக்கான அளவையைத் தொடர்ச்சியான பாதைகளின் வெளியிலேயே கட்டினார்; அங்கே இந்த ஓட்டை இல்லை. சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதனும் ஸ்ட்ரூக்கும் 1969இல் விரவல் நிகழ்முறைகளுக்குத் தந்த மார்ட்டிங்கேல் அணுகுமுறையும் தொடர்ச்சியான பாதைகளின் வெளியில் அமைந்த அளவைகளைத்தான் தேடுகிறது. அங்கே உறுப்பு உண்மையான சார்பு, வகுப்பு அல்ல.

பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளுக்குப் போகிறவர் முழுமையாக்கத்தையும் ஈவு வெளியையும் சேர்த்தே கற்க வேண்டும். வகைக்கெழுக்களும் எல்-பியில் அடங்கும் சார்புகளின் வெளிகளான சோபலெவ் வெளிகளுக்கு நெடுநாள் இரண்டு வரையறைகள் இருந்தன: மென்மையான சார்புகளை முழுமையாக்கிப் பெறுவது ஒன்று, எல்-பி வகுப்புகளில் பலவீன வகைக்கெழு உள்ளவற்றைப் பொறுக்குவது மற்றொன்று. முதலாவதுக்கு எச், இரண்டாவதுக்கு டபிள்யூ என்ற எழுத்து. இரண்டும் ஒன்றே என்று எந்தத் திறந்த பகுதிக்கும் பொருந்தும்படி மேயர்ஸும் செரினும் 1964இல் நிறுவினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பே 'எச் = டபிள்யூ' என்பதுதான். இரு வரையறைகளுக்கு நடுவே ஒரு தேற்றம் தேவைப்பட்டது, அது எளிதில் கிடைக்கவும் இல்லை. 'இரண்டும் ஒன்றுதானே' என்று கருதிக் கடந்து போகிறவர் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு தேற்றத்தைக் கடன் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஃபூரியர் தொடர் படிப்பவருக்கு நேர் எல்-பி போதும். எல்-2 சார்பின் ஃபூரியர் தொடர் ஏறத்தாழ எங்கும் ஒருங்கும் என்று கார்லெசன் 1966இல் நிறுவியது வகுப்பைப் பற்றிய கூற்றே. கெழுக்கள் தொகையீட்டால் வருபவை, பிரதிநிதி மாறினால் மாறாதவை.

எனக்கு முடிவெடுக்க உதவியது எதிர்பாராத இடம்: கணினியில் நிறுவல்களைச் சரிபார்க்கும் லீன் மொழியும் அதன் கணித நூலகமான மேத்லிப்பும். கணினியிடம் 'ஒன்றாகக் கருதுவோம்' என்று சொல்ல முடியாது. அங்கே இரண்டு தனித்தனி பெயர்கள் இருக்கின்றன. சார்பு ஒன்றுக்கு அளவிடத்தக்க தன்மையும் முடிவுறு பி-நார்மும் உண்டு என்று கூறும் பண்பு ஒன்று. சமான வகுப்புகளால் ஆன எல்-பி வெளி மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் பாதையும், வகுப்பிலிருந்து ஒரு பிரதிநிதிக்குத் திரும்பும் பாதையும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. தொகையீடோ, எளிய சார்புகளிலிருந்து அடர்த்தியின் துணையால் எல்-1 வெளிக்கு நீட்டித்துப் பெறப்படுகிறது; அது மூன்றாம் வழியின் சாயல். ஆக மூன்று வழிகளும் அங்கே வேலை செய்கின்றன, ஒவ்வொன்றும் தன் பெயரோடு.

என் குறிப்புகளில் நான் எடுத்த முடிவும் அதுவே. முதலில் சுழி எல்-பி. அதில் ஹோல்டர், மின்கோவ்ஸ்கி சமனின்மைகளும் முழுமைத் தேற்றமும். அதற்கு அடுத்த பக்கத்தில் நேர் எல்-பி. அதன் கூடவே, எவை வகுப்புக்கு இறங்கும், எவை இறங்காது என்ற பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணத்தோடு. முழுமையாக்கம் வரையறையாக அல்ல, தேற்றமாக: பி முடிவுறு எனில், இடைவெளியின் மேல் தொடர்ச்சியான சார்புகளின் வகுப்புகள் நேர் எல்-பியில் அடர்த்தியானவை. கூடாரச் சார்புகளின் உதாரணம் அந்தத் தேற்றத்துக்கு அடுத்து வருகிறது. வகுப்பைக் குறிக்கச் சதுர அடைப்புக்குறி. முதல் 2 அத்தியாயங்கள் முழுக்க அதை விடாமல் எழுதுகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் அடைப்புக்குறியை விடும் இடத்தில், 'இனி வகுப்பையும் அதன் பிரதிநிதியையும் ஒரே எழுத்தால் எழுதுவோம். புள்ளி மதிப்பு வரும் வாக்கியத்தில் மட்டும் பிரதிநிதியைத் தனியே சொல்வோம்' என்று ஒரு வாக்கியம்.

வரையறையின் வாக்கியத்தை இப்படி வைத்திருக்கிறேன்: அளவை வெளி ஒன்று தரப்பட்டிருக்கிறது. பி ஒன்றோ அதற்கு மேற்பட்டதோ ஆன மெய்யெண். எங்கும் வரையறுக்கப்பட்ட, மெய்மதிப்புள்ள, தரப்பட்ட சிக்மா இயற்கணிதத்தைப் பொறுத்து அளவிடத்தக்க சார்புகளில், மட்டு மதிப்பின் பி-ஆம் அடுக்கின் தொகையீடு முடிவுறுவதாக உள்ளவற்றின் வெக்டர் வெளி சுழி எல்-பி. அவற்றுள் ஏறத்தாழ எங்கும் பூச்சியமானவை ஓர் உள்வெளி. முதலாவதை இரண்டாவதால் வகுத்த ஈவு வெளி நேர் எல்-பி. அதன் உறுப்பு சார்பு அல்ல, சார்புகளின் சமான வகுப்பு.

'தரப்பட்ட சிக்மா இயற்கணிதத்தைப் பொறுத்து' என்ற சொற்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போரல் கணங்களா, லெபேக் கணங்களா என்பதைப் பொறுத்துச் சுழி எல்-பி மாறும். ஈவு எடுத்த பின் மாறாது, ஏனெனில் ஒவ்வொரு லெபேக் சார்புக்கும் ஏறத்தாழ எங்கும் சமமான போரல் சார்பு ஒன்று உண்டு. இதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்திருக்கிறேன். பி ஒன்றுக்குக் கீழே போனால் முக்கோணச் சமனின்மை உடையும் என்பது இன்னொரு பயிற்சி. பி முடிவிலிக்குத் தனி வரையறை, தனிப் பக்கம்.

அந்தப் பழைய தேர்வுக் கேள்வியும் குறிப்புகளில் இருக்கிறது, மூன்று பகுதிகளாக. (அ) சுழி எல்-2இல், அரையில் பூச்சியமாகும் சார்புகளின் உள்வெளி மூடியதா? (ஆ) அந்த உள்வெளியின் பிம்பம் நேர் எல்-2இல் எது? (இ) தொடர்ச்சியான சார்புகளின் வெளியில் 'அரையில் மதிப்பு' என்னும் செயலியை நேர் எல்-2க்குத் தொடர்ச்சியாக நீட்டிக்க முடியுமா?